எலிப்பொறி வாங்கப் போகிறீர்களா? ஸ்பிரிங்கை விடுங்கள், கொக்கியைப் பாருங்கள்

ஹார்டுவேர் கடையில் எலிப்பொறி கேட்டால் மூன்று வகை மேஜைக்கு வரும்: மரப்பலகையில் அடிக்கும் பொறி, பிளாஸ்டிக் தாடைப் பொறி, கம்பிக் கூண்டு. கடைக்காரர் முதலில் காட்டுவது ஸ்பிரிங்கின் வேகத்தைத்தான். பென்சிலை நீட்டிப் படாரென்று அடிக்க வைப்பார். அந்தச் சத்தத்தை நம்பி வாங்கிய வீட்டில்தான் காலையில் இரை மட்டும் காணாமல் போயிருக்கும், பொறி வைத்தது வைத்தபடியே இருக்கும். அடிக்கும் பலம் எல்லாப் பொறிக்கும் ஓரளவு உண்டு. எவ்வளவு லேசாகத் தொட்டால் அடிக்கிறது என்பதில்தான் நல்லதும் மட்டமும் பிரிகின்றன. (பசை அட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் இயங்கும் பாகமே கிடையாது, உயிரை இழுத்தடித்துக் கொல்லும் அட்டை அது.)

மரப்பலகைப் பொறியின் அமைப்பு பழையது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து அபிங்டனைச் சேர்ந்த வில்லியம் ஹூக்கர் 1894-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பாகங்கள் நான்குதான்: முறுக்கு ஸ்பிரிங், அடிகம்பி, அதை அமுக்கிப் பிடிக்கும் பூட்டுக்கம்பி, இரை வைக்கும் நாக்கு. சுண்டெலிக்கானது ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், பெரிய எலிக்கானது 17 அல்லது 18 செ.மீ. சின்னப் பொறியில் பெரிய எலி அடிபட்டால் சாகாது, பொறியோடு பரண் மூலைக்குப் போய்விடும்.

கோளாறு எங்கே வருகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்றி வைத்த அடிகம்பி 30 நியூட்டன் விசையோடு மேலே எழும்பப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டுக்கம்பி அதை, தன் கீலிலிருந்து 10 மி.மீ. தள்ளி அமுக்குகிறது. பூட்டுக்கம்பியின் நுனி கீலிலிருந்து 60 மி.மீ. தள்ளி நாக்கின் கொக்கியில் மாட்டியிருக்கிறது. நெம்புகோல் விகிதப்படி கொக்கியில் விழும் சுமை 5 நியூட்டன். தகரமும் கம்பியும் உரசும் குணகம் 0.3 என்றால், கொக்கியை நழுவ வைக்க 1.5 நியூட்டன் வேண்டும். நாக்கு இன்னொரு நெம்புகோல், மூன்றுக்கு ஒன்று. ஆக நாக்கின் முனையில் 0.5 நியூட்டன், அதாவது சுமார் 50 கிராம் எடை விழ வேண்டும். சுண்டெலியின் மொத்த எடையே 15 முதல் 20 கிராம்தான். நாக்கின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாலும் பொறி அசையாது. கொக்கி துருப்பிடித்து உரசல் இரண்டு மடங்கானால் 100 கிராம் தேவைப்படும். ஸ்பிரிங்கை இன்னும் முரடாக்கினால் கொக்கியின் சுமையும் அதே அளவு ஏறும். 'டபுள் ஸ்பிரிங்' என்று அட்டையில் போட்டிருப்பது பாதிச் சமயம் சுண்டெலிக்குத்தான் லாபம்.

அதற்காக ஸ்பிரிங் மெலிந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.8 மி.மீ. போட்டால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அப்படிப்பட்ட பொறி எலியைக் கொல்லாமல் காலை மட்டும் நசுக்கும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். முதலாவது நாணயச் சோதனை. 2011-க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், நான்கு சேர்த்தால் 15 கிராம், ஒரு சுண்டெலி. பொறியை ஏற்றி வைத்து, இடுக்கியால் நாணயங்களை ஒவ்வொன்றாக நாக்கின் மேல் வையுங்கள். விரலால் வைக்க வேண்டாம். சின்னப் பொறி நான்கு நாணயத்துக்குள் அடிக்க வேண்டும், பெரியது பத்துக்குள். இரண்டாவது தாள் சோதனை. மூடிய நிலையில் அடிகம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் இழுங்கள். எங்கும் தாராளமாக நழுவக் கூடாது. ஒரு பக்கம் நழுவினால் அடிகம்பி கோணல், எலி அந்தப் பக்கமாகத் தப்பும்.

பூட்டுக்கம்பியின் கீல், ஏற்றி வைத்த அடிகம்பியை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். தள்ளிப் போகப் போகக் கொக்கியில் சுமை கூடும். மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓடட்டும். அழுத்திய தூள் பலகையானால் வேண்டாம், மழைக்கால ஈரத்தில் ஊதி வளையாணிகளைக் கக்கிவிடும்.

வாங்கிய பொறி சோதனையில் தோற்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை. தகரக் கொக்கியின் ஓரத்தில் பிசிறு இருக்கும், நைஸ் எமரித் தாளால் நாலு தேய் தேய்த்து அந்த இடத்தில் பென்சில் கரியைப் பூசுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். பூட்டுக்கம்பியின் நுனி கொக்கிக்குள் ஒரு மி.மீ. அளவே நுழைந்திருக்கும்படி வைத்தால் போதும். பெரும்பாலானவை இதிலேயே சரியாகிவிடும்.

பிளாஸ்டிக் தாடைப் பொறியில் கொக்கி அச்சில் வார்த்தது, எனவே ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. ஒரு கையால் அழுத்தி ஏற்றலாம், செத்ததைத் தொடாமல் உதறலாம், கழுவலாம். இரைக் கிண்ணத்திலிருந்து பல் வரிசைக்கு உள்ள தூரத்தைப் பாருங்கள்: சுண்டெலிக்கு 2, 3 செ.மீ., பெரிய எலிக்கு 4, 5 செ.மீ. இருந்தால் அடி கழுத்தில் விழும். தாடையின் அச்சு எஃகு ஊசியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் குமிழாக இருந்தால் துளை அகன்று தாடை ஆடும். தகரக் கூரையின் கீழ், வெயில் காலத்தில், வாரக்கணக்கில் ஏற்றியபடியே வைத்தால் கொக்கியின் விளிம்பு மழுங்கும். பிறகு தரையில் வைக்கும்போதே தானாக அடிக்கும். இப்படி ஆனதைப் பழுது பார்க்க வழியில்லை.

கம்பிக் கூண்டின் விலைக்கு நாலைந்து மரப்பொறி வாங்கலாம். ஆனாலும் குழந்தைகள், பூனை உள்ள வீட்டுக்கு அதுதான் சரி. பின்பக்க இரைக்கொக்கியை எலி இழுக்க, மேலே ஓடும் நீளக் கம்பி நழுவ, கதவு மூடும். அந்தக் கம்பி இரண்டு வளையங்களுக்குள் நேராக ஓட வேண்டும். போக்குவரத்தில் கூண்டு நசுங்கி வளையம் விலகியிருந்தால் கம்பி பிடித்துக்கொள்ளும். கதவு மூடியபின் உள்ளிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள்: பூட்டு விழாத கதவை எலி மூக்காலேயே தூக்கிவிடும். சுண்டுவிரல் நுழையும் கண்ணுள்ள வலை சுண்டெலிக்குத் திறந்த வாசல். கதவிலிருந்து இரைக்கொக்கிவரை உள்ள நீளம் எலியின் உடலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், வீட்டு எலிக்கு 25 செ.மீ. கூண்டு போதும். பெருச்சாளிக்கு 45 செ.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள்.

இரை விஷயத்தில் மசால் வடைக்கு உள்ள மரியாதை கொஞ்சம் அதிகம். வாசனை நன்று, ஆனால் உதிரும். எலி ஓரத்திலிருந்து துணுக்குத் துணுக்காக எடுத்துப் போகும், கொக்கிக்கு இழுப்பே கிடைக்காது. சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாட்டுத் துண்டை நூலால் நாக்கோடு இறுக்கிக் கட்டுங்கள். இழுத்தால்தான் வரும் என்ற நிலையில் எலியின் எடையல்ல, அதன் இழுப்பு பொறியை விடுவிக்கிறது. 50 கிராம் கேட்கும் மந்தமான பொறிகூட இதனால் வேலை செய்யும்.

சுவருக்குச் செங்குத்தாக, நாக்குப் பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும், எனவே மூன்று நாலு நாள் ஏற்றாமலே இரை வைத்துப் பழக்கி, பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். சுண்டெலிக்கு இந்தப் பொறுமை தேவையில்லை. அதற்கு இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிறையப் பொறி வேண்டும். பரணிலும் குழாய் மேலும் வைப்பதானால் பொறியைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே பரவுவதால் கூண்டைக் கையுறை போட்டே எடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கொக்கியைத் துடைத்துக் காயவையுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்த பொறி அடுத்த முறை நாலு நாணயத்துக்கு அடிக்காது.