'ஸ்டீராய்டே இல்லாத புழுவெட்டு சிகிச்சை' என்ற விளம்பரத்தை நம்பி 42,500 ரூபாயை இழந்தோம்

என் மகளுக்கு 13 வயது. ஆவணி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கு அனுப்புவதற்காகத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, இடது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணய அளவில் வழவழவென்று முடியற்ற ஓர் இடம் என் விரலில் தட்டுப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அது மூன்று திட்டுகளாகிவிட்டது. பூச்சி கடித்துவிட்டது என்று சொல்லி என் மாமியார் சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்துப் பார்த்தார். பூச்சியும் புழுவும் காரணமல்ல, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குகின்றன, வேர் அழியாததால் முடி மீண்டும் வளர வாய்ப்புண்டு என்று தோல் மருத்துவர் விளக்கினார். திட்டுகளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றும் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பயந்துபோன நான், வேறு வழி உண்டா என்று அவரிடமே கேட்காமல், அன்றிரவு கைபேசியில் தேடினேன்.

அப்படிக் கிடைத்ததுதான், வீடியோ அழைப்பில் ஆலோசனை சொல்லி மருந்தைக் கூரியரில் அனுப்பும் ஒரு மூலிகை முடி சிகிச்சை நிலையம். புகார் கொடுத்திருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒருவர் முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். மகளின் தூக்கம், மாதவிடாய், தேர்வு பயம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "அம்மா, ஊசிக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, எங்க மருந்துல ஒரு துளி ஸ்டீராய்டு கிடையாது" என்றார். பெற்ற தகப்பனிடம்கூடத் தலையைக் காட்டாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்த என் மகள், அவர் கேட்டதும் ரிப்பனை அவிழ்த்துக் கேமராவுக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அந்த நிமிடத்தில்தான் நான் அவர்களை முழுமையாக நம்பினேன். அன்றே 12,500 ரூபாயும், ஆறு மாதத் தொகுப்பு என்று சொல்லி மறுவாரம் 30,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். அது அவளுடைய மேல்படிப்புக்காக நான் கட்டிவந்த சீட்டுப் பணம்.

எண்ணெய்க் குப்பி ஒன்றும், வெள்ளை க்ரீம் நிறைந்த டப்பா ஒன்றும் வந்தன. டப்பாவில் சேர்மானம், உரிம எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் பூனைமுடி அரும்பியபோது வீடே மகிழ்ந்தது. இரண்டாம் மாதம் பூசிய இடமெல்லாம் தோல் மெலிந்து சிவந்து, நூலிழை போன்ற இரத்தக் குழாய்கள் தெரிந்தன. நெற்றி ஓரமெங்கும் பருக்கள் வந்தன. அடுத்த பார்சல் இரண்டு வாரம் தாமதமானதும் அரும்பிய முடி உதிர்ந்து, உச்சியில் புதிதாக ஒரு திட்டும் விழுந்தது.

கேட்டபோது, உடம்பின் நஞ்சு வெளியேறுகிறது என்றார்கள். பிறகு, உணவில் புளியைக் குறைக்காததுதான் காரணம் என்றார்கள். அடுத்த முறை, மருத்துவர் விடுப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. க்ரீமில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டதற்கு, அது பரம்பரை ரகசியம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்று மாலையே என் எண்ணை முடக்கிவிட்டார்கள். 42,500 ரூபாய் வாங்கியவர்களுக்கு ஒரு குழந்தையின் தலையை மறுபடி பார்க்க ஐந்து நிமிடம் இல்லை!

முதலில் பார்த்த தோல் மருத்துவரிடமே திரும்பிப் போனோம். வீரியமான ஸ்டீராய்டு க்ரீமைக் கணக்கில்லாமல் பூசியவர்களின் தோல் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர். ஆய்வகச் சோதனை இன்னும் நடக்கவில்லை என்பதால் அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். டப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்னால் தாங்க முடியாதது, ஸ்டீராய்டு இல்லாத வழிகள் உண்மையிலேயே மருத்துவமனையில் இருக்கின்றன என்பதுதான். வாரந்தோறும் டைஃபென்சிப்ரோன் என்ற வேதிப்பொருளைப் பூசி லேசான ஒவ்வாமையை உண்டாக்கி, வேரைத் தாக்கும் அணுக்களைத் திசைதிருப்பும் சிகிச்சை ஒன்று உண்டு. மினாக்ஸிடில், டித்ரனால் போன்ற பூச்சுகளும் உண்டு. கடுமையான பாதிப்புக்கு அமெரிக்காவில் 2022இல் பெரியவர்களுக்கு பாரிசிட்டினிப் மாத்திரையும், 2023இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ரிட்லெசிட்டினிபும் அனுமதி பெற்றன. அவற்றையும் காசநோய்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் தொடங்குவார்கள். நிறுத்தினால் முடி மீண்டும் கொட்டலாம் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. சிறு திட்டுகள் மருந்தே இல்லாமல் ஒரு வருடத்திற்குள் தாமாக நிரம்புவதும் உண்டாம். இதையெல்லாம் எனக்குச் சொன்ன அன்று அவர் வாங்கியது 300 ரூபாய்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. சேர்மானம் அச்சிடாத க்ரீமைக் குழந்தையின் தலையில் பூசாதீர்கள். முடி வளரும் என்று உத்தரவாதம் தருபவரிடம் பணம் கட்டாதீர்கள். மருந்தால் புது முடி வளரும் என்று சொல்லி விற்பதையே நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் டப்பாவையும் பணம் அனுப்பிய ரசீதையும் தூக்கி எறியாமல், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை இன்றே அழையுங்கள்.