வளைந்த கோட்டில் தமிழ்ப் பெயர்: மேப்லிப்ரே, மேப்னிக், கியூஜிஐஎஸ் – எதில் எழுதுவது?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்குத் தமிழில் வரைபடம் செய்ய எந்த மென்பொருள் சரிவரும் என்று பார்க்க, ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்ற ஒரு பெயர் போதும். ரே, கோ, லை மூன்றும் கொம்பு வாங்கிய எழுத்துகள். யூனிகோடில் ரகரம் முதலிலும் இரட்டைக்கொம்பு அதன் பின்னும்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பை முன்னே கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. அது இல்லாத இடத்தில் கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘கோ’ புள்ளிவட்டத்தோடு உடைந்து கிடக்கும். வளைவும் இடைவெளியும் அதற்கு அப்புறம்தான்.

இணைய உலாவியில் வரைபடம் காட்டும் மேப்லிப்ரே இந்த முதல் படியிலேயே நெடுங்காலமாகத் தடுமாறிய ஒன்று. அது எழுத்துருவை 256 குறியீடுகள் கொண்ட துண்டுகளாக இறக்கி (தமிழ் இருப்பது 2816–3071 துண்டில்), ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனிப் படமாக வரிசையில் அடுக்கும் அமைப்பு. ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் அது போதும், தமிழுக்குப் போதாது. இதைச் சரிசெய்யும் நீட்சிகள் எதை எடுத்தாலும் மேற்சொன்ன பெயரை ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். வரைபடத்தைப் படமாக ஆக்கித் தரும் மேப்னிக் 3ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், க்யூட்டி என்ற நிரல்தொகுப்பின் வழியாக அதே வேலையைச் செய்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டால் இரண்டிலும் பெயர் ஒழுங்காக வரும்.

அடுத்தது வளைவு. அடுத்தடுத்த எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு கோணம் வரலாம் என்பதற்கு மேப்லிப்ரேயின் இயல்பளவு 45 பாகை, மேப்னிக்கினது 22.5, கியூஜிஐஎஸ்ஸினது 25. மூன்றுமே தமிழுக்கு அதிகம் என்பது எங்கள் கருத்து. நம் எழுத்துகள் அகலமானவை. ஓர் எழுத்து தனக்குள் வளையாது. எனவே ஒரே வளைவில் ஆங்கில எழுத்து நான்கு சிறு அடி வைத்துத் திரும்பும் இடத்தில், தமிழ் இரண்டே அடியில் வெட்டித் திரும்புகிறது. கோடு உட்பக்கமாக மடியும் இடத்தில் ‘ங்’கின் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் மோதும், வெளிப்பக்கம் மடிந்தால் ஒரே சொல் இரண்டாகப் பிளந்ததுபோல் தெரியும். கியூஜிஐஎஸ்ஸில் உட்பக்கக் கோணமும் வெளிப்பக்கக் கோணமும் தனித்தனிப் பெட்டிகள்: இரண்டையும் அவை ஏற்கும் மிகக் குறைந்த அளவான 20இலிருந்து தொடங்குங்கள். மேப்னிக்கில் இருப்பது ஒரே அளவு, 15 வைக்கலாம்.

தெருக்களுக்கு வளைவே வேண்டாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. டன்லப், கேம்பல், பஃபலோ எல்லாம் குட்டையான, ஏறக்குறைய நேரான தெருக்கள். கியூஜிஐஎஸ்ஸின் ‘பேரலல்’ முறை எழுத்தைத் திருப்பாமல் முழுப் பெயரையும் சாய்த்து வைத்துவிடும். ஆறுகளுக்குத்தான் எழுத்தெழுத்தாக வளைக்கும் ‘கர்வ்ட்’ முறை தேவை. அங்கும் காலாங் ஆற்றைப் பாருங்கள்: பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 3 கிலோமீட்டர் நெளியும் ஆறாக மாற்றியிருக்கிறார்கள். அந்த நெளிவில் எந்தக் கோண அளவும் பெயரை ஏற்காது. ஆற்றின் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பெயருக்கு மட்டும் தனிக் கோடு செய்யுங்கள்: போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் முதலில் எஸ்டி_சிம்ப்ளிஃபை (கோட்டை எளிமையாக்கும்), பிறகு எஸ்டி_சாய்கின்ஸ்மூதிங் (மூலைகளை மழுக்கும்). வரிசை மாறினால் மழுக்கிய வளைவு மறுபடி கூராகிவிடும்.

பெயர் வரவே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் தரவுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலை பாலம், பேருந்துத் தடம், வேக வரம்பு மாறும் இடமெல்லாம் துண்டாகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் சிங்கப்பூரில் 256 புள்ளி (பிக்சல்) ஓடுகளின், அதாவது வரைபடத்தை வெட்டிவைத்த சதுரத் துண்டுகளின், 16ஆம் பெரிதாக்க நிலையில் ஒரு புள்ளி 2.39 மீட்டர். பெயர் 120 புள்ளி நீளம் என்றால் 287 மீட்டர் தொடர்ந்த கோடு வேண்டும். 80 மீட்டர்த் துண்டில் எங்கே வைப்பது? ஓடுகளாக வெட்டும் முன் பெயர்வாரியாகத் துண்டுகளை எஸ்டி_லைன்மெர்ஜ் கொண்டு ஒட்டுங்கள். அது மூன்று கோடு கூடும் சந்திப்பைத் தாண்டி ஒட்டாது என்பதை நினைவில் வையுங்கள். மேப்லிப்ரேயின் நிலை எண் 512 புள்ளி ஓட்டைக் கொண்டது. ஆகவே அங்கே இதே அளவு 15ஆம் நிலையில் வரும். இந்த ஒரு நிலை வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று பெயர்களை விழுங்குகிறது என்று முடிவுகட்டுவது சாதாரணமாக நடக்கிறது.

விரைவுச்சாலைகளில் சிக்கல் தலைகீழ்: இருதிசைக்கும் தனிக் கோடு, எனவே ஒரே பெயர் இரண்டு முறை. ஒரு திசையை மட்டும் பெயர் அடுக்குக்கு அனுப்பினால் தீர்ந்தது.

இணையத்தில் போடுவதற்கு நாங்கள் சொல்வது கலப்பு வழி. அடித்தளம் மேப்லிப்ரேயில், தமிழ்ப் பெயர்கள் மட்டும் மேப்னிக் அல்லது கியூஜிஐஎஸ் ஆக்கிய ஒளிபுகும் பட ஓடுகளாக அதன்மேல். கைப்பேசிக்கு இருமடங்கு தெளிவில் ஆக்குங்கள். ஓட்டின் விளிம்பில் பெயர் பாதியில் அறுபட்டால், மேப்னிக்கில் பஃபர் (ஓட்டைச் சுற்றிக் கூடுதலாக வரையும் ஓரம்) அளவை 256 புள்ளி வரை கூட்டுங்கள். கியூஜிஐஎஸ்ஸின் எக்ஸ்ஒய்இஸட் ஓட்டுக் கருவியில் மெட்டாடைல் (ஒரே தடவையில் சேர்த்து வரையும் ஓடுகளின் அளவு) இயல்பாக 4, அதை 8 ஆக்குங்கள். இழப்பும் உண்டு: பயனர் வரைபடத்தைச் சுழற்றினால் மேப்லிப்ரே தன் பெயர்களைத் தானே நிமிர்த்தும், படத்தில் பதிந்த பெயர் தலைகீழாகவே நிற்கும். அதனால் சுழற்சியை அணைத்துவிடுங்கள்.

ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து வேண்டுமா? கோட்டோடு ஓடும் பெயரில் இரண்டு வரி நம்பகமாக வராது. ஆங்கிலம் கோட்டுக்கு மேலும் தமிழ் கீழும் இரு அடுக்குகளாக வையுங்கள். கீழே போகும் தமிழுக்குக் கோட்டிலிருந்து கூடுதலாக விலக்கு (ஆஃப்செட்) கொடுங்கள். சிராங்கூனின் ‘ங்’கும் ‘கூ’வும் மேலும் கீழும் நீள்பவை, நெருங்கினால் புள்ளி சாலைக்கோட்டில் கரைந்து ‘ங்’ ‘ங’ ஆகிவிடும்.