ஃபெல்கோ 6 ரோஸ் கட்டர்: சின்ன கைக்காரங்களுக்காக ஒரு ரிவ்யூ

ரோஸ் வெட்டுற கட்டர் பத்தி யூடியூப்ல வர்ற வீடியோல எல்லாம் ஒரு அண்ணன் தான் கையில புடிச்சு காட்டுறாரு, விரல் தடிமன் குச்சி ஒண்ண நறுக்குனு வெட்டிட்டு "எவ்ளோ ஷார்ப் பாருங்க சார்"னு சொல்லி முடிச்சிடுறாரு. ஆனா ஓசூர் பக்கம் எந்த பாலிஹவுஸா (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பூ ஷெட்) இருந்தாலும் காலைல ஆறு மணிக்கு உள்ள எட்டிப் பாருங்க, பூ வெட்டுறது முக்காவாசி பொம்பளைங்க தான். எங்க வீட்லயும் நானும் பொண்ணும் தான் வெட்டுறோம். அதனால இந்த கட்டர் எவ்ளோ தடி குச்சிய வெட்டும்ங்கறது எனக்கு ரெண்டாம்பட்சம், சீசன்ல ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அமுக்கினா கை என்ன கதிக்கு ஆகுதுங்கறது தான் முதல்ல. அந்தக் கணக்குல இது நல்ல கட்டர். விலை மட்டும் வயித்தக் கலக்கும்.

எங்களுது தளி பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸ், பெரும்பாலும் தாஜ்மஹால்ங்கற சிவப்பு ரகம், ரெண்டு மூணு பெட்ல (பாத்தி) மட்டும் மஞ்சளுக்கு கோல்ட் ஸ்ட்ரைக், வெள்ளைக்கு அவலாஞ்ச். அரை ஏக்கர்னா 2000 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு ஆறு ஏழு செடி வெச்சா பன்னெண்டாயிரம் செடிக்கு மேல வந்துடும். ஆளு வெச்சு வெட்டலாம் தான், ஆனா இங்க கம்பெனிகாரன் கூப்பிடுற கூலிக்கு நாம கட்டுப்படி ஆகாது, முகூர்த்த சீசன்ல காசு குடுத்தாலும் ஆளு கிடைக்காது. மருந்து, சொட்டுநீர், வண்டி எல்லாம் வீட்டுக்காரரு. வெட்டு, கிரேடிங் (தரம் பிரிக்கிறது), கட்டு எல்லாம் நானு. பொண்ணு பத்தாவது, லீவு நாள்லயும் பிப்ரவரி நெருக்கத்துலயும் என் கூட வருவா. பையன் ஆறாவது, மொட்டுக்கு வலை கேப் மாட்டுறதுல அவன அடிச்சிக்க ஆள் இல்ல, ஆனா கட்டர் அவன் கைல குடுக்க மாட்டேன்.

இதுக்கு முன்னாடி எங்க கிட்ட இருந்தது எல்லாம் இங்க உரக்கடைல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிற கட்டர். பேரு சொல்ல வேணாம், எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான். புதுசுல நல்லா வெட்டும், கொஞ்ச நாள்ல நட்டு லூஸாகி ரெண்டு பிளேடுக்கும் நடுவுல இடைவெளி விழுந்துடும், அப்புறம் தண்ட வெட்டாது, மடக்கி நார் நாரா இழுக்கும். அத விடப் பெரிய பிரச்சன சைஸ். கட்டர் முழுசா விரிஞ்சிருக்கும்போது என் பொண்ணுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தான் கீழ் கைப்பிடிய எட்டும், அதுவும் விரல் நுனி தான். நுனியால இழுத்து இழுத்து அமுக்குறதுனால கட்டைவிரல் அடிமூட்டுல வலி வந்துடும், எனக்கும் அதே கத தான். எழுதுற பிள்ளைக்கு கை வலிச்சா பூவாவது ஒண்ணாவது? பரீட்சை நேரத்துல ஷெட் பக்கமே வராதன்னு சொல்லிட்டேன்.

ஃபெல்கோ சுவிட்சர்லாந்து கம்பெனி, 1945ல இருந்து கட்டர் செய்யுறாங்க. எல்லாரும் சொல்றது அவங்களோட 2ம் நம்பர் மாடல், சிவப்பு கைப்பிடி, திராட்சை தோட்டத்துக்காரங்க எல்லாம் வெச்சிருப்பாங்களே அது. அதோட எடை 240 கிராம், நீளம் இருபத்தொண்ணரை சென்டிமீட்டர், 25 மில்லிமீட்டர் தடிமன் வரைக்கும் வெட்டும். நான் வாங்கினது 6ம் நம்பர், சின்ன கைக்குன்னே செஞ்சது, 210 கிராம், நீளம் பத்தொம்பதரை சென்டிமீட்டர், 20 மில்லி வரைக்கும் வெட்டும். படிக்கிறப்ப 30 கிராம், ரெண்டு சென்டிமீட்டர் எல்லாம் ஒரு வித்தியாசமான்னு தான் தோணும். கையில வாங்கி விரிச்சா நாலு விரலும் கீழ் கைப்பிடிய சுத்தி முழுசா உக்காருது, அமுக்குறப்ப உள்ளங்கையே வேலை செய்யுது, விரல் நுனிக்கு வேலையே இல்ல. லாக்க கட்டைவிரலாலயே தள்ளிடலாம், இன்னொரு கை வேணாம். அந்த இன்னொரு கைல பூ இருக்கும்ல, அதுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு வெட்டுறவங்களுக்கு தெரியும்.

முனை மெலிசா கூரா இருக்கறது ரோஸுக்கு ரொம்ப தோது. ரோஸ சும்மா எங்கயாச்சும் வெட்டிட முடியாது. அஞ்சு இலை இருக்குற கொத்தா பாத்து, அதுலயும் வெளிப்பக்கம் பாத்த கண்ணா (அடுத்த துளிர் வர்ற இடம்) பாத்து, அதுக்கு கால் இஞ்ச் மேல லேசா சாய்ச்சு வெட்டணும். கண்ணு உள்பக்கம் பாத்து இருந்தா அடுத்த தண்டு செடிக்குள்ளயே போய் சிக்கும், காத்து போகாம டவுனி, போட்ரைட்டிஸ்னு நோய் வர்றதுக்கு நாமளே வழி செஞ்ச மாதிரி. ரொம்ப மேல விட்டு வெட்டினா மிச்ச குச்சி காஞ்சு கருத்து கீழ இறங்கும். முனை தடியா இருக்குற கட்டர்ல அந்த கால் இஞ்ச் இடைவெளிக்குள்ள நுழைக்கவே முடியாது, பக்கத்து தண்டையும் சேத்து கீறிடும், மொட்டுக்கு கீழ கீறல் விழுந்தா அந்தப் பூ கிரேடு இறங்கிடும். இதுல அந்த தொல்ல இல்ல.

இன்னொண்ணு, இது ரெண்டு பிளேடு ஒண்ண ஒண்ணு உரசிப் போற பைபாஸ் ரகம். ஒரு பிளேடு வந்து தட்டையான மனை மேல உக்காருற ரகமும் கடைல இருக்கு, விலை கம்மி, காஞ்ச குச்சிக்கு பரவால்ல, பூவுக்கு வாங்கவே வாங்காதீங்க. தண்ட நசுக்கிடும், நசுங்குன தண்டு தண்ணி இழுக்காது, ரெண்டாம் நாளே கழுத்து தொங்கிடும். பைபாஸ்லயும் ஒரு பக்கம் வெட்டுற பிளேடு, மறுபக்கம் தாங்கிப் பிடிக்கிற கொக்கி. கொக்கிப் பக்கம் இருக்குற தண்டு தான் லேசா நசுங்கும். அதனால வெட்டுற பிளேடு செடில நிக்கப் போற பக்கம் இருக்கணும், கொக்கி நம்ம கைக்கு வர்ற பூ பக்கம். பூவுக்கு நசுங்குனா பரவால்லியான்னு கேப்பீங்க, கிரேடிங் டேபிள்ல எப்படியும் அடியில ஒரு இஞ்ச் தண்ணிக்குள்ள வெச்சு மறுபடி வெட்டத் தான போறோம், அங்க சரியாயிடும். செடில நிக்கிற முனைய தான் மறுபடி தொட முடியாது. இத என் பொண்ணுக்கு ஒரு தடவ தான் சொன்னேன், இப்ப அவ அப்பா தப்பா புடிச்சா "அப்பா பிளேடு கீழ"ன்னு கத்துறா.

கழுவுறது, தீட்டுறது ரெண்டும் சுலபம். ஒரு சாவி மாதிரி டூல் இருக்கு, அத வெச்சு நட்ட கழட்டினா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும், பிளேடு, ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியா ஸ்பேர் கிடைக்குது. இறுக்கம் அட்ஜஸ்ட் பண்ண பல் வெச்ச ஒரு துண்டு இருக்கு, ஒரு பல் தள்ளினா போதும் அந்த இடைவெளி பிரச்சன தீந்துடுது. ஓசூர் கடைல ஸ்பேர் கேட்டா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க, ஆன்லைன்ல தான் போடணும், அதனால கட்டர் வாங்குறப்பவே ஒரு பிளேடும் ஒரு ஸ்பிரிங்கும் சேத்து வாங்கி வெச்சுக்கோங்க. தெருவுல சாணை பிடிக்க வர்றவர் கிட்ட மட்டும் குடுக்காதீங்க, அவரு கத்திக்கு பிடிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சு குடுத்துடுவாரு, இது ஒரு பக்கம் மட்டும் சாய்வா இருக்குற பிளேடு, தட்டையா இருக்குற பக்கத்த தீட்டினா அவ்ளோ தான், ரெண்டு பிளேடும் ஒட்டவே ஒட்டாது. சின்ன கல்லு ஒண்ணு வாங்கி சாய்வுப் பக்கம் மட்டும் ஒரே வாட்டுல நாலு இழு இழுத்தா போதும். ஞாயித்துக்கிழம சாயங்காலம் இது என் பொண்ணோட வேலை, பாட்டு போட்டுட்டு திண்ணைல உக்காந்து செய்வா, கடைசில பழைய நோட்டு பேப்பர வெட்டிப் பாப்பா, பேப்பர் மடங்காம போனா தான் எண்ணெய் போட்டு வைப்பா.

ஒரு பெட் முடிச்சு அடுத்த பெட்டுக்கு போறப்ப கட்டர ஸ்பிரிட்ல முக்கி எடுக்குறது நம்ம ஆளுங்க நிறைய பேரு செய்யுறதில்ல. வேருக்கு மேல உருண்டை உருண்டையா கட்டி வருமே, கிரவுன் கால், அந்த பாக்டீரியா காயம் பட்ட இடம் வழியா தான் செடிக்குள்ள போகும், ஒரு செடில இருந்து இன்னொரு செடிக்கு தூக்கிட்டுப் போறது நம்ம கட்டர் தான். பிளீச்சிங் தண்ணிலயும் முக்கலாம், ஆனா அது இரும்ப தின்னும், இவ்ளோ காசு போட்டு வாங்கினத அதுல ஊற வெக்க மனசு வராது.

குறைன்னு பாத்தா முதல்ல விலை தான். உரக்கடை கட்டர் பத்து வாங்குற காசு இதுக்கு ஒண்ணுக்கு ஆகும், ஏங்க இவ்ளோவான்னு வீட்டுக்காரர் கேக்கல, நான் தான் கேட்டேன். ரெண்டாவது, 20 மில்லி தான் இதோட எல்லை. பழைய செடில அடியில மரமா முத்திப் போன குச்சிய எடுக்கணும்னாலோ, ஒட்டுக்கு கீழ இருக்குற அடிச்செடில (ரூட்ஸ்டாக்) இருந்து கிளம்புன பழைய போத்த வெட்டணும்னாலோ இத வெச்சு மல்லுக்கட்டாதீங்க, அதுக்கு நீளக் கைப்பிடி கட்டர் தனியா வெச்சுக்கணும். காதலர் தினத்துக்கு பூ வரணும்னு டிசம்பர் நடுவுல ஷெட் மொத்தமும் வெட்டி விடுவோம்ல, அப்ப பெரிய கைக்காரங்களுக்கு 2ம் நம்பர் தான் சரி, என் வீட்டுக்காரர் 6 புடிச்சா குழந்தை விளையாட்டு சாமான் புடிச்ச மாதிரி இருக்கு, சுண்டு விரல் வெளிய தொங்குது. கலரு பத்தி ஒண்ணு சொல்லணும், கீழ போட்டா கண்ணுக்கு தெரியட்டும்னு தான் சிவப்பு வெச்சிருப்பாங்க போல, தாஜ்மஹால் பெட்ல கீழ விழுந்தா தேடிப் பாருங்க அப்ப தெரியும். இடுப்புல மாட்டுற உறை தனியா வாங்கிடுங்க.

சிவப்பு கைப்பிடி போட்ட டூப்ளிகேட் நிறைய சுத்துது. என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, படத்துல அச்சு அசல், கையில எடுத்தா பேரே வேற, நட்டு பக்கத்துல அந்த பல் வெச்ச துண்டே இல்ல. ரொம்ப கம்மி விலைக்கு போட்டிருந்தா சந்தேகப்படுங்க, கைப்பிடில ஃபெல்கோ பேரு பொறிச்சிருக்கான்னு பாருங்க, ஸ்பேர் பிளேடு விக்கிறவங்க கிட்டயே கட்டரும் வாங்கிட்டா தொந்தரவு இல்ல.

பிள்ளைங்கள வெச்சு வேலை வாங்குறீங்களான்னு கேக்குறவங்க இருப்பீங்க, போன தடவ பையன் கேப் மாட்டுற போட்டோ போட்டப்பவே ஒருத்தர் கேட்டாரு, அதனால இங்கயே சொல்லிடுறேன். 2016ல திருத்தின குழந்தைத் தொழிலாளர் சட்டத்துலயே பதினாலு வயசுக்கு கீழ இருக்குற பிள்ளைங்க பள்ளிக்கூட நேரம் போக, லீவு நாள்ல, சொந்த குடும்பத் தொழில்ல ஆபத்து இல்லாத உதவி செய்யலாம்னு தான் இருக்கு. ஆபத்து இல்லாததுங்கறது தான் அதுல முக்கியமான வார்த்த. மருந்து அடிச்ச ஷெட்டுக்குள்ள ரெண்டு பேரும் கால் வெக்கக் கூடாது, பாட்டில்ல எத்தன மணி நேரம் போட்டிருக்கோ அதுக்கு மேலயே நாங்க விடுவோம். பொண்ணுக்கு முழங்கை வரைக்கும் தோல் கிளவுஸ், முள்ளு அப்படி. பையன் தண்ணி பக்கெட்டு நிரப்புவான், கேப் மாட்டுவான், இருபது இருபதா எண்ணி வெப்பான். எண்ணுறதுல தான் அவன் கணக்கே தேறுனுச்சு. பொண்ணு வேற மாதிரி, எத்தன கட்டு போச்சு, தண்டு நீளம் 50 சென்டிமீட்டர் எத்தன 60 எத்தன, மண்டில சொன்ன ரேட் என்ன, சீட்டுல வந்தது என்னன்னு ஒரு நோட்டுல எழுதி வெக்கிறா. ஒரு மண்டில கமிஷன் போக ஒவ்வொரு தடவையும் "டேமேஜ்"னு ரெண்டு கட்டு கழிச்சது அவ நோட்ட பாத்து தான் எங்களுக்கே பிடிபட்டுச்சு. இப்ப அங்க அனுப்புறதில்ல.

சம்பளம்னு குடுக்கல, ஆனா மஞ்சள் பெட் ஒண்ணு அவங்க ரெண்டு பேரோடது, அதுல வர்ற காசு அவங்களுக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்லாம ரேட் தரையில கிடக்குறப்ப அவங்க பங்கும் அப்படித்தான், அதுக்கு நான் ஈடு குடுக்க மாட்டேன். வெலை ஏறுமா ஏறுமான்னு பொண்ணு என்னை விட அதிகமா மண்டி மெசேஜ் பாக்குறா.

யாரு வாங்கலாம்னா, தினமும் வெட்டுறவங்க, கை சின்னதா இருக்குறவங்க, கட்டைவிரல் மூட்டு வலி இருக்குறவங்க தாராளமா வாங்கலாம். மாடில பத்து தொட்டி ரோஸ் வெச்சிருக்கீங்கன்னா வேணாம், உரக்கடை கட்டரே போதும், மிச்ச காசுக்கு செடி வாங்குங்க. உங்களுக்கு எந்த நம்பர்னு சந்தேகமா இருந்தா எந்த கட்டரா இருந்தாலும் லாக்க எடுத்துட்டு முழுசா விரிச்சு புடிச்சுப் பாருங்க, நாலு விரலோட நடு மடிப்பு கைப்பிடி மேல உக்காந்தா சரி, நுனி மட்டும் எட்டுச்சுன்னா ஒரு சைஸ் கீழ போங்க. சிக்கனம் பாத்து ஒரே கட்டர புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்னு நெனைச்சா ரெண்டுல ஒரு கைக்கு அது உதவாது.

இடது கைக்காரங்களுக்கு 6 வேணாம். பிளேடும் கொக்கியும் பக்கம் மாறிடும், வெட்டுற இடமே கண்ணுக்கு தெரியாது. அதுக்குன்னு தனி மாடல் இருக்கு, பெரிய கைக்கு 9, சின்ன கைக்கு 16. எங்க பையன் இடது கை தான், அந்த 16 படத்த ஃபோன்ல காட்டி காட்டி கேட்டுட்டு இருக்கான். ஒம்பதாவது வா, அப்புறம் பாக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன், அதுவும் அவன் மஞ்சள் பெட் காசுல பாதி போட்டா தான்.