டியர்டிராப் கேரவன்: எல்லாம் நன்று, பின்கதவு ஒன்றைத் தவிர

பின்கதவை மறுபடியும் கழற்றி, கறுத்துப்போன விளிம்பை வெட்டி எறிந்து, புதுக் கட்டை ஒட்டி மாட்டியிருக்கிறேன். விரல்களில் எப்பாக்சிப் பிசினின் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "நானும் ஒரு டியர்டிராப் கட்டலாம் என்றிருக்கிறேன். இத்தனை காலம் வைத்திருக்கிறீர்களே, எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

டியர்டிராப் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவச் சின்னக் கேரவன். இதன் வடிவம் பலருக்கும் தெரிந்ததுதான். முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து இறங்கும் உடல். உள்ளே படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. 1930களில் அமெரிக்காவில் தோன்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதழ்களில் வெளியான வரைபடங்களைப் பார்த்துப் பலர் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட வண்டி இது. 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகை ஒன்றில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் அடங்கிவிடும். தச்சு வேலை பழகாதவர்கள் துணிந்து இறங்குவதற்கு அந்த அளவுதான் காரணம். என்னையும் இழுத்தது அதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும்.

காரின் பின்னால் இது வருவதே தெரிவதில்லை. காரின் நிழலுக்குள் ஒடுங்கி வரும் உயரம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொஞ்சம் முனகுவதோடு சரி. சமையல் சாமான்கள் பின்னால் இருப்பதால் பாரமெல்லாம் அச்சுக்குப் பின்னால் சேரப் பார்க்கும். அதை மட்டும் கவனிக்க வேண்டும். காரோடு மாட்டும் கொக்கியின் மேல் இறங்கும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். எப்படியானாலும் பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். தண்ணீர்க் கேனை அச்சுக்கு முன்னால் மாற்றி வைத்ததிலிருந்து எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் எதிர்பாராத இன்பம் ஒன்று உண்டு. படுக்கைக்கும் சமையலறைக்கும் நடுவே முழுச் சுவர் இருக்கிறது. விடியலில் எழுந்து பின்பக்கம் போய் அடுப்பைப் பற்றவைத்தால், உள்ளே தூங்குபவருக்கு ஓசையோ வெளிச்சமோ எட்டாது. உள்ளே நிமிர்ந்து உட்காரத்தான் முடியும், நிற்க முடியாது. ஆனால் சமைப்பவர் வெளியே வானத்தின் கீழ் முழு உயரத்தில் நிற்கிறார். தூக்கிய கதவு தலைக்கு மேல் கூரையாகிறது. பெரிய கேரவன்களில் இரவல் படுக்கையில் தூங்கியிருக்கிறேன். அவை எதிலும் காலை நேரம் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

இனி அந்தக் கதவு.

அது சமதளக் கதவல்ல. கூரையின் வளைவைத் தொடர்ந்து இறங்கி வருவது. வளைந்த சட்டங்களின் மேல் மெல்லிய பிளைவுட்டை வளைத்து ஒட்ட வேண்டும். பசை காய்ந்து பிடிகளைத் தளர்த்தியதும் பலகை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதற்கு ஈடாக முன்கூட்டியே கூடுதலாக வளைத்து ஒட்டினேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தபின் கீழ்மூலைகள் இரண்டும் நகம் நுழையும் அளவு விலகிவிட்டன. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரம். தகடு சூட்டில் நீள்கிறது, மரம் ஈரத்தில் உப்புகிறது. 2.4 மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரண்டையும் ஒன்றாக ஒட்டிவைத்து, ஆண்டு முழுவதும் ஒரே வடிவில் இரு என்றால் எப்படி இருக்கும்?

கதவைத் தாங்கும் வாயுத் தண்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. கதவு மூடியிருக்கும்போதும் அவை தள்ளிக்கொண்டேதான் இருக்கின்றன. பூட்டு கீழே நடுவில் ஒன்றுதான். நடுப்பகுதி அழுந்த, ஓரங்கள் வெளியே பிதுங்குகின்றன. ரப்பர் பட்டை அழுந்த வேண்டிய இடத்தில் அழுந்துவதில்லை. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும்: நடுவில் கிழிகிறது, மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கதவைக் கூரையோடு இணைக்கும் கீலைப் பொறுக்க முடியவில்லை. ஹரிக்கேன் கீல் என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று கொக்கியாக மாட்டிக்கொள்ளும் இரண்டு நீள அலுமினியப் பட்டைகள். மழைநீர் உள்ளே இறங்காதபடி தடுப்பதற்கென்றே உருவானது, நடுப்பகுதியில் அதைச் செவ்வனே செய்கிறது. ஆனால் மடிப்புக்குள் புகுந்த நீர் எங்கே போகும்? பக்கவாட்டில் ஓடி இரு முனைகளிலும் கொட்டுகிறது. பக்கச்சுவரின் ரப்பர் பட்டை தொடங்குவதும் அதே முனையில்தான். கூரையில் விழுந்த மழையைச் சேகரித்துக் கொண்டுபோய், வண்டியிலேயே பலவீனமான மூலையில் ஊற்றும் ஏற்பாடு இது! அங்கிருந்து சுவரின் வெட்டு விளிம்பில் இறங்குகிறது. பிளைவுட்டின் முகத்தில் பூசிய வார்னிஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்ன, விளிம்பில் இழைகள் வாய் திறந்து நிற்கின்றன. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீர்புகாத பசையில் செய்த பலகை என்றால் அடுக்குகள் பிரியாது, அவ்வளவுதான். மரம் மரம்தான், ஈரம் தங்கினால் உளுக்கும்.

நான் விலை கொடுத்து வாங்கிய வரைபடத்தில் இந்த மூலைக்கு ஒரு கோடுகூட இல்லை. இழுப்பறைகளுக்கும் அலமாரிக்கும் பக்கம் பக்கமாக அளவுகள் உண்டு. வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் உள்ளங்கையளவு இடத்தை மட்டும் கட்டுபவரின் தலையில் கட்டிவிட்டார்கள். இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

சிலிகான் அடித்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். தகடு அசைந்ததும் அது ஓரத்தில் பிரியும். பிரிந்த இடத்தில் புதுச் சிலிகான்கூட ஒழுங்காக ஒட்டாது, பெயிண்டும் பிடிக்காது; பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை. தகட்டு மூட்டுகளுக்கு அடியில் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடா நல்லது. அது இறுகிப்போவதில்லை, தகடு நீண்டு சுருங்கும்போது கூடவே அசைந்து கொடுக்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கதவின் உட்புறம் நீர் துளிர்த்தாலே கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. இருவர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்தைத் தேடிப் போய்ப் படியும். நடுச்சுவரில் இடுக்கு இருந்தால் பின்கதவுவரை போகும். ஆளில்லாத வண்டியை மழையில் நிறுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால் வேண்டியது கூரைக் காற்றுப்போக்கி, ரப்பர் அல்ல. என் வண்டியில் மூச்சின் ஈரம், கசிவு இரண்டுமே இருந்தன. காற்றுப்போக்கியை இரவில் கொஞ்சம் திறந்துவைத்ததும் ஒன்று தீர்ந்தது.

மற்றதற்கு விடை கார் டிக்கியில் இருந்தது. அதன் ரப்பருக்கு வெளியே, திறப்பைச் சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. நீர் வருவதை அது தடுப்பதே இல்லை. வந்ததை வாங்கிக் கீழே வடித்துவிடுகிறது. ரப்பருக்கு மிஞ்சுவது சில துளிகள்தான். இந்த முறை நான் செய்ததும் அதுதான். கீலின் இரு முனைகளையும் வெளிவிளிம்பைத் தாண்டி நீட்டி, அடியில் அலுமினியக் கோண வாய்க்கால் வைத்து, பக்கச்சுவர் வழியாகத் தரைவரை இறக்கியிருக்கிறேன். நடுப்பூட்டை எடுத்துவிட்டு மூலைக்கொன்றாக இரண்டு பூட்டுகள். பெருமழை ஒன்று பெய்து ஓய்ந்தது. உள்ளே காய்ந்தே இருக்கிறது. மண்சாலையில் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புழுதியை இழுக்கும். அது நுழையும் வழியில் நீரும் நுழையும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கட்டாதீர்கள். இழுப்பதற்கு இதைவிட இனிய வண்டி இல்லை, தூங்குவதற்கு இதைவிட நல்ல அறையும் இல்லை. மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் உளுத்த மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இதில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

மீறிக் கட்டுவதானால், பக்கச்சுவரை வெட்டுவதற்கு முன்பே வாய்க்காலை வரைந்துவிடுங்கள். பின்னால் வைக்க இடமிருக்காது. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும், அது வெளியே தெரியாத விளிம்பாக இருந்தாலும், தகடு போர்த்துவதற்கு முன் எப்பாக்சியை ஊறும்வரை பூசுங்கள். கீலின் திருகுகளை அதன் பிறகே இறக்குங்கள்; துளைகளின் உட்சுவரையும் விட்டுவிடாதீர்கள்.