குளிர்காலச் சீனா: ஹார்பினா, ஹுவாங்ஷானா, யுன்னானா?

குளிர்காலத்தில் குழுவோடு சீனா போகப்போகிறோம் என்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "குளிர் தாங்குமா?" என்பதுதான். முதல் தடவை நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று குளிர்காலங்களில் மூன்று வழிகளில் போய்வந்த பிறகு, வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது: இரவு எங்கே தங்கவைக்கிறார்கள்? பஸ்ஸில் எத்தனை மணி நேரம் உட்காரவைக்கிறார்கள்?

வடக்கே போனால் ஹார்பின் நகரம், 'பனிக்கிராமம்' என்று பெயர் வாங்கிய ஷுவேஷியாங், சாங்பாய் மலை. கிழக்கே ஷாங்காயிலோ ஹாங்சோவிலோ தொடங்கி, ஹோங்சுன், சீடி கிராமங்கள், ஹுவாங்ஷான் மலை. தென்மேற்கே யுன்னான் மாகாணத்தின் குன்மிங், டாலி, லிஜியாங், யூலோங் பனிமலை. மூன்றிலும் நகரம், கிராமம், மலை எல்லாம் உண்டு என்பதால் விளம்பரத் தாளில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

சரி, குளிரிலிருந்தே தொடங்குவோம். ஹார்பினில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். மைனஸ் 30 வரை இறங்கும் இரவுகளும் உண்டு. மூச்சு பட்டே மஃப்ளரின் ஓரம் விறைத்துவிடும். போனை வெளியே எடுத்துப் பத்துப் படம் எடுப்பதற்குள் பேட்டரி படுத்துவிடும். ஆனால் அறைக்குள் நுழைந்துவிட்டால் பனியனோடு உட்காரலாம். சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் ஒரு கோடு சீனாவைக் குறுக்கே பிரிக்கிறது. அந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களில் குளிர்காலம் முழுக்க வீடுதோறும் குழாய் வழியாக வெந்நீர்ச் சூடு வரும். தெற்கே பொதுவாக அந்த ஏற்பாடு கிடையாது.

ஹோங்சுன் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வெளியே நாலைந்து டிகிரிதானே என்று லேசாக நினைத்துப் போனேன். ஈரக்குளிர், வீட்டுக்குள்ளும் அதே குளிர். நான் தங்கிய பழைய வீட்டின் கூடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரத்தொட்டி இருந்தது. அதன் அடியில் சாம்பல் மூடிய கரி, அதற்கு மேல் கால் வைக்க ஒரு சட்டம். வீட்டுப் பாட்டி தொட்டிக்குள் காலை விட்டு, மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஐந்தே நிமிடத்தில் பாதத்திலிருந்து முழங்கால்வரை உயிர் வந்தது. கம்பளி உடுப்பு அதிகம் தேவைப்பட்டது எனக்கு ஹார்பினில் அல்ல, இங்கேதான்.

யுன்னானில் இந்தக் கவலை குறைவு. பகலில் நல்ல வெயில், மழை அரிது, இரவில் மட்டும் லிஜியாங்கில் உறைநிலை வரை போகும். குன்மிங்கின் பச்சை ஏரிக்குக் குளிர்காலம்தோறும் சைபீரியாவிலிருந்து கடற்காகங்கள் வருகின்றன, 1985 முதல். வயதானவர்கள் கையில் ரொட்டியோடு நின்று அவற்றுக்கு ஊட்டுவதைப் பார்த்தாலே அந்த ஊரின் குளிர் எவ்வளவு என்று புரியும்.

நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதை விளம்பரத் தாள் சொல்லாது. டிசம்பர் கடைசியில் ஹார்பினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லிஜியாங்கில் காலை 8 மணிவாக்கில்தான் விடியும். ஹார்பினில் இந்த இருட்டு நன்மைதான். சோங்ஹுவா ஆற்றில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகளால் கட்டும் பனி நகரத்தைப் பார்க்க இருட்டித்தான் ஆகவேண்டும். உள்ளிருந்து விளக்கெரியும் அந்தக் கோபுரங்களின் கீழே நின்றபோது நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனால் மறுநாள் ஷுவேஷியாங் போகும் பஸ்ஸில் அதே இருட்டு தொல்லையாகிவிடும். பனிச்சாலையில் ஐந்து மணி நேரம், போய் இறங்கும்போது பகல் முடிந்திருக்கும்.

ஷுவேஷியாங் உண்மையில் மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்பு. ஹெய்லோங்ஜியாங் அரசுக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை 2014-இல் நிறுத்தினார்கள். இன்று அங்கே பிழைப்பே சுற்றுலாதான். கூரைகளில் காளான் காளானாகப் பனி உருண்டு நிற்பது அவ்வளவு அழகு. சூடேற்றிய செங்கல் மேடையான 'காங்'கில் படுத்துத் தூங்கியதும் மறக்காது. ஆனாலும் கிராமத்து வாழ்க்கையைப் பார்க்க நினைத்தால் ஹோங்சுன்தான். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வாசல் ஓரமாக ஓடும் வாய்க்கால், நடுவே அரைநிலா வடிவக் குளம், திறந்த முற்றம். டிசம்பர் வெயிலில் உப்புக்கண்டம் வெள்ளைச் சுவரோரம் வரிசையாகத் தொங்கும். யுன்னானில் குழுக்களை இறக்கிவிடும் லிஜியாங் பழைய நகரம் முக்கால்வாசி கடைத்தெரு. அதற்குப் பதில் தேயிலைக் குதிரைப் பாதை என்ற பழைய வணிக வழியின் சந்தையூரான ஷாசியைக் கேட்டு வாங்குங்கள். மாகாணத்தின் தெற்கே யுவான்யாங்கின் படிவயல்களும் குளிர்காலத்தில்தான் தண்ணீர் நிறைந்து கண்ணாடிபோல் இருக்கும்.

அப்புறம் மலை. மூன்றில் எது என்ற என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். சாங்பாயின் சொர்க்க ஏரி 2,189 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று வலுத்தால் மேல் பாதையை மூடிவிடுவார்கள். எங்கள் குழு அப்படித்தான் ஏரியைப் பார்க்காமலே திரும்பியது. யூலோங்கில் ரோப் கார் நேராக 4,506 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. லிஜியாங்கே 2,400 மீட்டர். அங்கே ஓரிரு இரவு உடம்பைப் பழக்காமல் மேலே ஏற்றும் பயணத் திட்டத்தை வயதானவர்களோடு ஏற்கவே கூடாது. ஆக்சிஜன் டப்பா விற்பதால் ஆபத்து போய்விடாது.

ஹுவாங்ஷானின் உயர்ந்த சிகரம் 1,864 மீட்டர்தான், மூச்சு பிரச்சினை இல்லை. 1616-இல் ஷூ ஷியாகே என்ற பயணி கொட்டிக்கிடந்த பனியில், கைத்தடியால் பனிக்கட்டியைக் கொத்திக் கால் வைக்க ஒவ்வொரு குழியாக எடுத்து இங்கே ஏறினார். இன்று ரோப் கார் உண்டு, காலணிக்கு மேல் மாட்டும் இரும்புப் பல்லை அங்கேயே விற்கிறார்கள். நாங்கள் ஏறிய நாள் முழுக்க மூடுபனி, முன்னால் போகிறவரின் பை மட்டும் தெரிந்தது. ஒருநாள் குழுக்கள் மாலை நாலு மணிவாக்கில் கடைசி ரோப் காரில் இறங்கிப் போய்விட்டன, பாவம். நாங்கள் உச்சியிலேயே தங்கினோம். விடியுமுன் வெளியே வந்தபோது வானம் சுத்தமாகத் திறந்திருந்தது. மூடுபனி பைன் ஊசிகளில் பட்டு உறைந்து ஊசி ஒவ்வொன்றும் வெள்ளையாக நின்றது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், நடுவே தீவு தீவாகச் சிகரங்கள். ஒரு சுமைக்காரர் தோள் கம்பின் இரு முனையிலும் காய்கறி மூட்டையோடு படியேறி வந்தார். அந்த மலையில் 'மேற்குக் கடல்' என்று பெயர் கொண்ட பள்ளத்தாக்கின் பாதை குளிர்காலத்தில் மூடியிருக்கும். அது ஒன்றுதான் குறை.

இனிக் கடைகள். கட்டாயக் கடை நிறுத்தங்களைச் சீனச் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் முதல் தடை செய்திருக்கிறது. அப்படியும் என் யுன்னான் பயணத்தில் பச்சைக்கல் கடை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் போனது. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் எந்த வழியானாலும் காரணம் கேளுங்கள்.

அறுபதைத் தாண்டிய பெற்றோரோடு போனால், யூலோங் ரோப் காரை விட்டுவிட்டு யுன்னான். பனியே பார்க்காத பிள்ளைகளோடு போனால் ஹார்பின், ஆனால் நகரத்தில் குறைந்தது மூன்று இரவு. மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது ஹுவாங்ஷான் வழி. சீனப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2027-இல் அது பிப்ரவரி 6. பணம் கட்டுமுன் தங்கும் இடத்தின் பெயரைப் பாருங்கள். டாங்கோ என்று போட்டிருந்தால் அது அடிவாரத்து ஊர். உச்சியில் உள்ள விடுதியின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.