பள்ளிப் பட்டறைக்கு இந்த கிட்டார் கிட் சரிப்படுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி மரவேலைப் பட்டறைக்கென்று வாங்கும், பிராண்ட் பெயரில்லாத, பாஸ்வுட் என்ற லேசான மரத்தாலான எலக்ட்ரிக் கிட்டார் கிட் (நாமே பூட்டும் பாகங்கள்) இது. கழுத்து அருமை: 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), உள்ளே கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடும் உண்டு. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் குறித்து வந்த துளையை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) 324 மி.மீ.; அங்கிருந்து மெல்லிய ஈ கம்பி பிரிட்ஜில் அமரும் சேடிலுக்கும் அதே அளவு, கூடவே ஓரிரு மி.மீ. தடித்த கம்பிகளுக்கு இன்னும் பின்னால் இடம் வேண்டும். இது பிசகினால் எப்படிச் சுருதி சேர்த்தாலும் மேல் ஸ்வரங்கள் ஒத்துவராது.

வயரிங்தான் பெரிய குறை. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரே பெட்டியில் இல்லை! அதில்லாமல் ஆம்பில் போட்டால் 'உம்ம்' என்று இரையும். கம்பியில் கை வைத்தாலும் அடங்காது. அந்த வயரை வால்யூம் பாட்டின் (ஒலி கூட்டிக் குறைக்கும் திருகியின்) முதுகில் பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். சூடேறக் காத்திருப்பதற்குள் பாட்டின் உள்ளே இருக்கும் மின்தடைத் தடம் வெந்துவிடும், ஈயமோ ஒட்டாமல் உருண்டு நிற்கும். முதுகை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு, 40 வாட்டில் சில வினாடிகளில் முடியுங்கள்.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனரின் திருகுக்கு முன்துளை அவசியம். டர்பனின் கோடை ஈரத்தில் நைட்ரோ லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சு வெள்ளை பூக்கும். எண்ணெய்ப் பூச்சே நல்லது.

கழுத்துக்காக இதை வாங்கலாம். பாடியை மாணவர்களே கியாட் என்ற ஆப்பிரிக்க மரத்தில் அறுத்துச் செய்யட்டும். அது நம் வேங்கையின் இனம். திருகை இறுகப் பிடிக்கும்.