மின்கார் அப்டேட்: வன்னி வீதிக்கு எவ்வளவு பொருந்தும்?

மின்காருக்கு வரும் மென்பொருள் அப்டேட்டைக் கைபேசி அப்டேட் போல எண்ணி அழுத்திவிடக் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் நடந்துகொள்ளும் விதமே மாறலாம். டெஸ்லா 2021இல் வட அமெரிக்காவுக்கான மொடல் 3, மொடல் வை கார்களில் முன்வாகனத்தை உணரும் ரேடாரைக் கைவிட்டபோது, தானாக ஸ்டியரிங் பிடிக்கும் வசதிக்கு முதலில் மணிக்கு 75 மைல் என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பைப் பின்னர் உயர்த்தியதும் அப்டேட்தான்.

வன்னி ஊடாகச் செல்லும் ஏ-9 வீதியில் முன்வாகனத்துக்கு இடைவெளி விட்டு ஓடும் குரூஸ் வசதி உண்மையிலேயே உதவும். ஓமந்தை தாண்டி மாங்குளம் வரையான நேர் ஓட்டத்தில் கால் ஆறும். ஆனால் தானாக விழும் அவசர பிரேக்கை மட்டும் நம்பவே வேண்டாம். அது பெரும்பாலும் வாகனம், பாதசாரி, சைக்கிளை அடையாளம் காணவே பழக்கப்பட்டது. இரவில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடும், பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியும் அதன் கண்ணுக்குத் தப்பலாம். காரை வீதிக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் உதவி, கோடில்லாத உள்வீதியில் வேலை செய்யாது. கோடு பாதி அழிந்த இடத்தில் ஸ்டியரிங்கை வெட்டி இழுக்கவும் கூடும். அங்கே லேன் உதவியை நிறுத்திவிடுங்கள்.

அப்டேட்டுக்கு முன் அமைப்புப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். பற்றரி பாதிக்கு மேல் இருக்கட்டும். முடியும்வரை கார் ஓடாது, ஆகவே பயண நாளில் தொடங்காதீர்கள். பிறகு இடைவெளி அளவு, எச்சரிக்கை ஒலி, லேன் உதவி மூன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வைத்த அளவுகள் மாறி, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருக்கலாம். கமராவில் கிரவல் புழுதி படிந்திருந்தாலும் வசதிகள் நின்றுவிடும். அப்டேட்டைக் குறை சொல்லுமுன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.